சீனிராஜ் விட்ட மூன்று கோல்கள்

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி பேங்கில் இவருக்குக் கொடுத்தது. வருஷா வருஷம் ஒன்று வாங்கிவந்து பீரோவில் வைப்பார், ஒரு வரி எழுதியதில்லை. இந்த வருஷத்து டைரியும் வந்தது. பொங்கல் கழிந்து ஒரு காலையில், குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. செண்பகம் ஓசூரிலிருந்து தினமும் போன் போட்டு, "சும்மா சுவரைப் பாத்துட்டு உக்காராதம்மா, எதையாவது எழுது" என்கிறாள். எழுதுகிறேன்.

இன்று குழாயில் தண்ணீர் வந்தது. குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரப்பினேன். தண்ணீர் நிறைந்த டிரம்மை எப்படி நகர்த்துவது என்று இத்தனை வருஷம் தெரியாமலே இருந்திருக்கிறேன்.

மாலையில் அழகர்சாமி அண்ணன் வந்தார். இவரோடு சின்ன வயதிலிருந்து ஹாக்கி விளையாடியவர். இரண்டு பேருமே கோல் கீப்பர். இவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதப் போனார், அண்ணன் ரயில்வேக்குப் போனார். இப்போது ரிட்டயர் ஆகி கிளப்புக்குச் செயலாளராக இருக்கிறார். மே மாதப் போட்டியை இந்த முறை இவர் பெயரில் நடத்துகிறார்களாம். விழா மலர் ஒன்றும் போடுகிறார்களாம்.

"சீனியைப் பத்தி அரைப்பக்கம் எழுதிக் குடு தங்கச்சி. நாங்க எழுதுனா ஆட்டத்தைத்தான் எழுதுவோம். வீட்டுல எப்படி இருந்தான்னு உனக்குத்தான தெரியும்."

சரி என்றேன். காபி கொடுத்தேன். இவருடைய டம்ளரில் கொடுக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எழுத உட்கார்ந்தால் எல்லாம் சில்லறை விஷயமாக வருகிறது.

எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட். செண்பகத்துக்கு ரெட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டு, ஸ்கூலில் விட்டதெல்லாம் இவர்தான். அவளுக்கு இடது காது கேட்காது. மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்ததில் போன காது. தெருவில் நடந்தால் இவர் எப்போதும் அவளுடைய வலது பக்கமாகவே நடப்பார். கல்யாண மேடையிலும் வலது பக்கம் வந்து நின்றார். ஐயர் இந்தப் பக்கம் வாங்க என்றதற்கு, "இருக்கட்டும், இங்க நின்னாத்தான் அவளுக்குக் கேக்கும்" என்றார்.

விளையாட்டு என்றால் எதுவானாலும் பார்ப்பார். ஹாக்கி, கபடி, கிரிக்கெட், கடைசிக் காலத்தில் மேஜைமேல் கலர் பந்தை உருட்டுகிற ஆட்டத்தைக்கூட. கப் கொடுக்கிற நேரம் மட்டும் டிவியை அணைத்துவிடுவார். "தோத்தவன் மூஞ்சியக் காட்டுவான். பாவம்."

இதையெல்லாம் மலரில் போடுவார்களா? முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எழுதினால் போதும்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதி முடித்தேன். முக்கியமான பகுதியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"எங்கள் மகள் மதுரை ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிய அதே வாரத்தில், அதே ஊரில் ரயில்வே அணிக்கான தேர்வு நடந்தது; அணியில் இடம் கிடைத்தால் ரயில்வேயிலேயே வேலை. கைக்கு வந்த வேலையை வேண்டாமென்று விட்டுக்கொடுத்து, பிள்ளையின் கட்டில் ஓரத்தை விட்டு நகராமல் இருந்தார் என் கணவர். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அதற்காக அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை."

'வேறொருவர்' என்று கௌரவமாகத்தான் போட்டிருக்கிறேன். அழகர்சாமி அண்ணன் பெயரை எழுதவில்லை. ஊருக்கே தெரிந்ததுதான் என்றாலும் அவர் மனம் நோகக் கூடாது.

இந்த விஷயத்தை நானாக யாரிடமும் பெருமையடித்தது கிடையாது. கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த ஆள் புதிது என்றுதான் நினைத்தேன். போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "புள்ளைக்காக ரயில்வே வேலையவே விட்ட மனுசர்லாம்மா" என்றான். இவனிடம் நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அழகர்சாமி அண்ணன் வந்து, நான் எழுதியதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நல்லாருக்கு தங்கச்சி. சடை போட்ட விஷயத்தைச் சேத்துக்கலாம்லா?"

"சேத்துக்கலாம்."

"அந்த ரயில்வே வரிய மட்டும் எடுத்துருவோமா?"

ஏன் என்று கேட்டேன். இடம் பத்தாது என்றார். அரைப்பக்கம் கேட்டவர் அவர்தான், நான் கால் பக்கம்தான் எழுதியிருக்கிறேன். அதைச் சொன்னேன். காதைச் சொறிந்தார். "அதெல்லாம் பழைய கதை, எதுக்கு" என்று சொல்லிவிட்டு, முறுக்கைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

எனக்குப் புரிகிறது. விட்டுக்கொடுத்த இடத்தில் ஏறி உட்கார்ந்தவர் என்று நாலு பேர் படித்தால் அவருக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆனால் நடந்தது நடந்ததுதானே?

மார்ச் 22, சனி

நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், அன்று அண்ணன் முகம் வெட்கப்பட்ட முகம் இல்லை. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு இது தெரியும். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்று பழகினோம். பழகினோமே தவிர, ஆசை போனதில்லை. ஒருவர் பேசுவதை நிறுத்துகிற விதத்திலேயே, சொல்ல ஒன்றுமில்லாமல் நிறுத்துகிறாரா, சொல்லக் கூடாது என்று நிறுத்துகிறாரா என்று தெரிந்துவிடும்.

அண்ணன் நிறுத்தியது இரண்டாவது வகை.

ஏப்ரல் 2, புதன்

கனகமணி மதினியைப் பார்க்கப் போனேன். அழகர்சாமி அண்ணனின் சம்சாரம். மாங்காய் கொடுக்கிற சாக்கு. அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "மதினி, அந்த மதுரை செலக்‌ஷன் சமயத்துல என்ன நடந்துச்சு?"

மாங்காயைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "அத அவுககிட்டயே கேளு வடிவு. நான் ஒண்ணு சொல்லுவேன், நீ ஒண்ணு நினைப்ப."

வாசல்வரை வந்தாள். நான் செருப்பைப் போடும்போது சொன்னாள்: "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து, இங்க வேகுற சோத்துக்கு உன் வீட்டுக்காரர் பேரச் சொல்லித்தான் எல்லாரும் வாழ்த்துதாக. எம் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லி வளந்துச்சு."

பாராட்டாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு, பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மைதானத்துக்குப் போனேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஞாயிறு காலையில் இவர் போவதும், கறி வேகும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வருவதும்தான் எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்வார் என்று நான் கேட்டதேயில்லை.

வயசானவர்கள் ஏழெட்டுப் பேர் அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். இன்னொருவர், "சுகர் இப்ப எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்டார். யார் என்றே தெரியாத ஆள்! என் சுகர், செண்பகத்தின் பிரசவம், எங்கள் வீட்டு மாடி ஒழுகியது எல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் வாயைத் திறந்தால் ஹாக்கி பேசுகிற மனுஷர், மைதானத்தில் வீட்டைத்தான் பேசியிருக்கிறார்.

அழகர்சாமி அண்ணன் கால் பேடைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த வரிய ஏன் எடுக்கச் சொன்னீக?"

"எடுக்காட்டியும் பரவால்ல. நீ எழுதினது எழுதினபடியே போடச் சொல்லிட்டேன்."

"அண்ணே, நான் அதக் கேக்கல."

புல்லைப் பிய்த்தார். பிறகு சொன்னார்.

"சீனி அன்னைக்கு செலக்‌ஷனுக்கு வந்தான் தங்கச்சி."

எனக்கு அந்தக் காலை தெரியும். செண்பகத்துக்கு அன்றுதான் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. இட்லி வாங்கி வருகிறேன் என்று போனவர், வெயில் ஏறித்தான் வந்தார். இட்லி ஆறிக் கல்லாகிவிட்டது. முழங்கை சிராய்ந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டேன் என்றார்.

"கடன் வாங்குன பேடக் கட்டிட்டு நின்னான். ஆளுக்குப் பாதி நேரம் கீப்பர். மூணு கோல் விட்டான். நான் ஒண்ணும் விடல. அவ்வளவுதான். பேர் வாசிச்சப்போ எங்கையப் பிடிச்சுக் குலுக்கிட்டு, இட்லி வாங்கணும்னு ஓடிட்டான்."

"எங்கிட்ட..."

"செலக்‌ஷனுக்குப் போகலையான்னு நீ கேட்டிருக்க. பிள்ளைய விட்டுட்டு எங்க போகன்னு வாய்ல வந்துருச்சாம். சாயங்காலம் எங்கிட்ட வந்து, நாளைக்கு வடிவுகிட்ட உள்ளதச் சொல்லிருவேன்னான். மறுநாள் வந்து பாத்தா, நீ வார்டு வராந்தாவுல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டிருக்க. நர்சு உட்பட."

அந்த நர்சின் முகம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

"அப்புறம் அவனால சொல்ல முடியல. எங்கிட்ட வந்து நின்னான். நீயும் கொஞ்ச நாளைக்குச் சும்மா இருடான்னான். இருந்தேன்."

"கொஞ்ச நாளா அண்ணே இது?"

அண்ணன் சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை. "நான் நல்ல கீப்பர் தங்கச்சி. அத என் வீட்டுலகூட யாரும் நம்பல."

ஏப்ரல் 7, திங்கள்

மோர் மிளகாய் போட்டேன். வெயில் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

போட்டோவுக்கு இன்று பூ வைக்கவில்லை. பூக்காரம்மா வரவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பூக்காரம்மா நேற்றும் வந்திருந்தாள் என்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள்.

எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எப்படி இந்த மனுஷர் தினமும் நிம்மதியாகத் தூங்கினார்? நன்றாகக் குறட்டைவிட்டுத் தூங்கினார், அதற்கு நானே சாட்சி.

இன்னொன்றும் இருக்கிறது. செண்பகம் வருகிறாள். அவளிடம் சொல்வதா, வேண்டாமா? தனக்காக அப்பா எல்லாவற்றையும் விட்டார் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் அதையே கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொன்னால் அப்பா சின்னதாகிவிடுவார். சொல்லாவிட்டால் அழகர்சாமி அண்ணன் சின்னவராகவே இருந்துவிடுவார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

செண்பகம் நேற்று வந்தாள், பேரனும் மாப்பிள்ளையும் இல்லாமல் தனியாக. நாளை வருஷப் பிறப்பு. மத்தியானம் இரண்டு பேரும் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய வலது பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னேன்.

"செண்பா, ஒண்ணு சொல்லணும். அப்பா அந்த செலக்‌ஷனுக்கு..."

"போனாரு. மூணு கோல் விட்டாரு."

அப்பளம் கருகியது. அவள்தான் எடுத்தாள்.

"உனக்கு யார் சொன்னா?"

"அப்பாதான். பத்தாவது படிக்கும்போது. பரீட்சைல மார்க்கு குறைஞ்சுதுன்னு நீ திட்டுன பாத்தியா, 'உங்கப்பா உனக்காக என்னெல்லாம் விட்டாரு'ன்னு? அன்னைக்கு அழுதுட்டிருந்தேன். என்னாலதானப்பா நீ ரயில்வேக்குப் போகலன்னு கேட்டேன். உடனே சைக்கிள்ல உக்கார வச்சு பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. மேஜைல ரெண்டு டம்ளரக் கோல் போஸ்ட்டா வச்சு, ஒரு பட்டர் பிஸ்கட்ட உருட்டி உருட்டிக் காமிச்சாரு. முதல் கோல் இப்படி, ரெண்டாவது இப்படின்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'அழகர்சாமி என்னையவிட நல்ல கீப்பரு. அவ்வளவுதான் விசயம். உனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல'ன்னாரு."

"எங்கிட்ட ஏன் நீ சொல்லல?"

செண்பகம் அடுப்பை அணைத்தாள். "அம்மாகிட்டச் சொல்லாதன்னாரு."

"அதான் ஏன்?"

"'அவளுக்கு அது வேணும்'னாரு."

நான் தயிர் உறைந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். உறைந்திருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

பாயசம் வைத்தோம். செண்பகம் ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் அந்த பேக்கரி இன்னும் இருக்கிறது. எந்த மேஜை என்று கேட்டேன். காட்டினாள். இப்போது அங்கே ஐஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எதற்கு அது வேணும்?

ஏப்ரல் 17, வியாழன்

கல்யாணமான புதிதில் என் அக்கா வீட்டுக்காரர் தாசில்தார் ஆபீசில் இருந்தார். சின்ன அத்தானுக்குச் சொந்தமாக லாரி. இவர் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை. விசேஷ வீடுகளில் "மாப்பிள்ளை என்ன பண்ணுதாரு?" என்று கேட்பார்கள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மறுபடியும் மைதானம். அந்த மூன்று கோல்களையும் பார்த்தே தீர வேண்டும் என்று இருந்தது. பிஸ்கட்டை வைத்து மகளுக்குக் காட்டியவர் எனக்குக் காட்டவில்லையே. அழகர்சாமி அண்ணனிடம் கேட்டேன். முதலில் திகைத்தார். அப்புறம் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

"அங்க போய் நில்லு தங்கச்சி. இப்ப நீதான் சீனி."

கோல் போஸ்ட்டுக்கு நடுவில் நின்றேன். வெளியிலிருந்து பார்க்கச் சின்னதாகத் தெரிகிறது. உள்ளே நின்றால் இரண்டு பக்கமும் வெகுதூரத்துக்கு ஆளில்லாமல் கிடக்கிறது. எங்கே பார்த்தாலும் திறந்திருக்கிற வீடு மாதிரி. இதற்குள் ஒரு மனுஷர் ஆசைப்பட்டு வந்து நிற்பாரா?

அண்ணன் பந்தை மெதுவாக உருட்டினார். "முதல் கோல், இடது கால் பக்கம். முன்னாடி வந்திருக்கணும், வரல." அடுத்தது. "ரெண்டாவது, கால் ரெண்டுக்கும் நடுவுல. இதுக்கு நாங்க எல்லாரும் சிரிச்சிட்டோம். அவனும் சிரிச்சான்." மூன்றாவதை உயரத் தூக்கி அடித்தார். வலையில் போய் விழுந்தது. "இது பெனால்டி கார்னர். இத நானும் விட்டிருப்பேன்."

கேட்க நினைத்ததைக் கேட்டேன். "பிள்ளை நினைப்புல இருந்ததாலதான் விட்டாகளோ?"

அண்ணன் பந்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன், மலரிலும் போட்டிருப்பேன்.

"எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதாம்மா. ஆனா இல்ல. அன்னைக்கு அவன் நல்லாத்தான் நின்னான். முழு மனசோட நின்னான். முதல் ரெண்டு கோலும் அவன் பிடிச்சிருக்க வேண்டியது. பிடிக்கல."

"தோத்த பெறகு எப்படி இருந்தாக?"

"நம்ப மாட்ட. 'எவ்வளவு அருமையான ஷாட்டுடா அந்த மூணாவது'ன்னு சொல்லிட்டே போனான்."

நம்பினேன். அதே மாதிரிதான் எதிரணிக்காரன் கோல் போட்டாலும் டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டுவார். நான் பைத்தியம் என்று நினைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மலருக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். சடை, இஸ்திரி, வலது பக்கம், டிவி. அண்ணனுக்கு மகிழ்ச்சி. ரயில்வே வரி இல்லையே என்று பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்தார். இன்று முறுக்குச் சாப்பிட்டார்.

எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்று அவர் போன பிறகு தோன்றியது. ஊரெல்லாம் நான் சொல்லி வைத்திருப்பதை யார் எடுப்பது?

பூ வைத்தேன். போட்டோவில் இவர் முகம் எப்போதும் போலத்தான் இருக்கிறது. திருட்டு முழி என்று சொல்ல முடியவில்லை.

மே 10, சனி

இன்று போட்டி தொடக்கம். செண்பகம் பேரனையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பந்தல், மைக், இவர் படம் போட்ட பேனர். முன்வரிசையில் கனகமணி மதினி, அவள் மகன்கள், மருமகள்கள். நல்ல கூட்டம்.

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். அடுத்தவர் பேசுவதற்கு லைன் கொடுத்தே பழகியவள் நான். எழுதி மடியில் வைத்திருந்த தாளை எடுக்கவேயில்லை.

"எல்லாரும் நல்லா இருக்கீகளா? எங்க வீட்டுக்காரர் பிள்ளைக்காக ரயில்வே வேலைய விட்டுக்கொடுத்தார்னு நான் உங்கள்ல பாதிப் பேர்கிட்டச் சொல்லியிருக்கேன். அது அப்படி இல்ல. அவுக செலக்‌ஷனுக்குப் போனாக. தோத்துட்டாக. அழகர்சாமி அண்ணன் அவுகளவிட நல்லா விளையாண்டு ஜெயிச்சாக. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கல. எங்க வீட்டுக்காரர் மூணு கோல் விட்டாக, அண்ணன் ஒண்ணும் விடல."

இதோடு நிறுத்தக் கூடாது என்று பட்டது.

"தோத்துட்டு, இட்லி வாங்கிட்டு, பிள்ளைகிட்டத் திரும்பி வந்தாக. மறு ஞாயித்துக்கிழமையும் விளையாடப் போனாக. சாகுற வரைக்கும் போனாக. எனக்கு இவ்வளவுதான் சொல்லத் தெரியும்."

யாரோ கைதட்டினார்கள். கனகமணி மதினி தட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூத்த மகன் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்த்தான். அழகர்சாமி அண்ணன் மேடைக்குப் பின்னால் போய், கட்டின கொடிக்கயிற்றையே மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். மகன் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றான். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க எவ்வளவோ ஆசைப்பட்டேன்.

பிறகு முதல் பந்தை நான் அடித்துத் தொடங்கி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கையில் மட்டையைக் கொடுத்தார்கள். கோலில் ஒரு கீப்பர் பையன், முகமூடியும் பேடுமாக நின்றான். அடித்தேன். பந்து பாவமாக உருண்டு போனது. அந்தப் பையன் மரியாதையாக ஒதுங்கி நின்று வழிவிட்டான். பந்து உள்ளே போனது. எல்லாரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை.

"தம்பி, ஒதுங்காதீங்க. நெசமாப் பிடிங்க" என்றேன்.

பந்தைத் திரும்ப வைக்கச் சொல்லி அடித்தேன். காலை நீட்டித் தடுத்துவிட்டான். இன்னொன்று அடித்தேன். அதையும் தடுத்தான். மட்டையை எப்படிப் பிடிப்பது என்று செண்பகம் ஓடி வந்து காட்டினாள். அவளுக்கு இது எப்போது தெரியும்? கொடிக்கயிற்றை விட்டுவிட்டு அழகர்சாமி அண்ணன் மைதானத்துக்குள்ளேயே வந்து, "குனிஞ்சு அடி தங்கச்சி, கண்ணு பந்துமேல இருக்கட்டும்" என்று கத்தினார். குனிந்து அடித்தேன். அதையும் அந்தப் பையன் பிடித்தான். அருமையாகப் பிடித்தான்.

முதல் மேட்ச் தாமதமாகத்தான் தொடங்கியது.